நாற்பதாயிரத்துக்குள் ஒரு வீட்டுக் கணினி: என் கணக்கில் ஓட்டை எங்கே?

பாளைக்காரன்

வணக்கம். பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகளாகக் கணினி அசெம்பிள் செய்து விற்கும் சிறிய கடை என்னுடையது. இதுவரை வருகிறவர் கேட்டதைக் கொடுத்தேன். ‘ஐ5 போடுங்கள்’ என்பார்கள். எதற்கு என்றால், மைத்துனர் வீட்டில் ஐ5தான் இருக்கிறது என்பார்கள். கேட்டதைக் கொடுத்தால் சண்டை இல்லை. ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்து அதே ஆள் கேபினட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறும்போது, அவர் கேட்காமல் விட்ட ஏதோ ஒன்றுதான் பழுதாகியிருக்கும்.

அதனால் இந்தக் கோடையில் ஒரே ஒரு மாதிரியை நானே தீர்மானித்து, விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிட நினைக்கிறேன். கல்லூரிக்குப் போகும் பிள்ளை, வரவு செலவு எழுதும் அப்பா, இரவில் பழைய பாட்டுக் கேட்கும் அம்மா. இப்படி ஒரு வீட்டுக்கு ஐந்தாண்டு உழைக்க வேண்டும். இலக்கு 40,000 ரூபாய், மானிட்டரும் வரியும் சேர்த்து. போட்டுப் பார்த்ததில் 48,000 வருகிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

ரைசன் 5 5600ஜி பிராசசர் 11,200. ஏ520 மதர்போர்டு 4,900. எட்டு ஜிபி ரேம் இரண்டு, 8,400. சேமிப்புக்கு 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,200. 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி, ‘80 பிளஸ் வெண்கலம்’ தரச் சான்று உள்ளது, 3,000. கண்ணாடிக் கதவு வைத்த கேபினட் 1,900. கீபோர்டும் மவுஸும் 800. 22 அங்குல மானிட்டர் 6,400. யுபிஎஸ் 2,700. ஆக 44,500. அசெம்பிள் செய்வதற்கும் ஓராண்டு பார்த்துக்கொள்வதற்கும் எனக்கு 3,500. இவை எனக்குக் கிடைக்கும் விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

எட்டாயிரம் குறைய வேண்டும். எதை வெட்டுவது?

பொருநை_இளவல்

அண்ணாச்சி, முதலில் அந்த 3,500ஐ வெட்டுங்கள். காணொளி பார்த்து நானே இரண்டு மணி நேரத்தில் பூட்டிவிடுகிறேன், அதற்கா இவ்வளவு? அடுத்தது 5600ஜி. 2021இல் வந்த சரக்கு. அதன் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், 16 எம்பிதான். 5600எக்ஸில் 32 இருக்கிறது. இன்டெல் 12400எஃப் ஒன்றை எடுத்து, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்த்தால் அதுதான் நடுத்தரக் கணினி. இது அலுவலகப் பெட்டி.

பாளைக்காரன்

தம்பி, அலுவலகப் பெட்டி என்பதை வசையாக எடுத்துக்கொள்ளவில்லை. 5600ஜிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. ‘எஃப்’ எழுத்து உள்ள இன்டெல் பிராசசருக்குள் அது கிடையாது. அந்தப் பழைய கார்டு செத்துப்போனால் திரையில் ஒரு எழுத்துக்கூட வராது. பரீட்சை நேரத்தில் அந்த வீட்டில் நான் என்ன பதில் சொல்வது? 3,500 பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

முக்கூடல்_மகள்

நான் விற்கிறவள் அல்ல, வாங்கப் போகிறவள். தனியார் பள்ளியில் ஆசிரியை. அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கும், வைகாசியில் விழ வேண்டிய ஏலச்சீட்டும் சேர்ந்தால் என் கையில் நாற்பது இருக்கும். நாற்பத்தொன்று என்றால் யோசிப்பேன். நாற்பத்தெட்டு என்றால் அடுத்த ஆண்டுதான். மகள் இந்த ஜூனில் கல்லூரியில் சேர்கிறாள்.

அண்ணாச்சி எழுதிய பட்டியலில் எனக்குப் புரிந்தது மானிட்டரும் யுபிஎஸ்ஸும்தான். யுபிஎஸ் ஏன்? எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக இன்வர்ட்டர் இருக்கிறதே?

பழைய_பலகை

டீச்சர் கேட்டது சின்னக் கேள்வி போலத் தெரிகிறது. இந்தத் தொழிலின் மூலக் கேள்வி அதுதான்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 1982இல் இங்கிலாந்தில் சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வந்தது. 16கே மாதிரி 125 பவுண்டு, 48கே மாதிரி 175 பவுண்டு. அதே ஆண்டு அமெரிக்காவில் கமடோர் 64 வந்தபோது அறிவித்த விலை 595 டாலர். சின்கிளேர் எப்படி அவ்வளவு கீழே இறங்கினார்? திரை கொடுக்கவில்லை, வீட்டுத் தொலைக்காட்சியில் சொருகிக்கொள் என்றார். சேமிப்புக்கு டிஸ்க் கொடுக்கவில்லை, வீட்டில் இருக்கும் கேசட் ரெக்கார்டரை இணைத்துக்கொள் என்றார். கீபோர்டு ரப்பர், தட்டினால் அழிரப்பரை அமுக்குவது போல இருக்கும், அதைக் கேலி செய்யாத பத்திரிகை இல்லை. ஆனாலும் விற்றது. அதற்கு முந்தைய இசட்எக்ஸ்80இல் 21 சிப்புகள் இருந்தன. இசட்எக்ஸ்81இல் அவற்றை நான்காகச் சுருக்கினார்கள். கமடோர் வேறு வழியில் போனது. சிப் செய்யும் மாஸ் டெக்னாலஜி அவர்களுடைய சொந்த நிறுவனம், அதனால் பிறகு விலையை இறக்கிக்கொண்டே போக முடிந்தது.

பாளைக்காரருக்குச் சொந்தமாகச் சிப் ஆலை கிடையாது. ஆகவே சின்கிளேர் வழிதான். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை இரண்டாவது முறை விற்காதீர்கள்.

வள்ளியூர்_வயர்மேன்

இன்வர்ட்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் தொழில்.

பெரும்பாலான வீட்டு இன்வர்ட்டர்களில் முன்னாலோ பின்னாலோ ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யுபிஎஸ் என்றும் இன்னொரு பக்கம் வேறு ஏதாவதும் எழுதியிருக்கும். வாங்கின நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். யுபிஎஸ் பக்கம் வைத்தால் மின்சாரம் போனதும் பத்து மில்லி நொடி அளவில் பேட்டரிக்கு மாறிவிடும். மற்ற பக்கத்தில் முப்பது நாற்பது ஆகலாம். டியூப் லைட்டுக்கு அது தெரியாது. கணினியின் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் உள்ள மின்னேற்றத்தை வைத்துக்கொண்டு சுமார் 16 மில்லி நொடிதான் மூச்சைப் பிடிக்கும். அதற்குள் மாறினால் கணினி அணையாது, மாறாவிட்டால் அணைந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு நிபந்தனை உண்டு. இன்வர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரிலும் மலிவான யுபிஎஸ்களிலும் அலை வடிவம் ஒழுங்காக இராது. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ் சில நேரம் அதை ஏற்காமல் அணைந்துவிடும். அடுத்தது, கணினி வைக்கும் அறையின் பிளக் பாயின்ட்டுக்கு இன்வர்ட்டர் லைன் போயிருக்க வேண்டும். நிறைய வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான் இழுத்திருப்பார்கள்.

இன்வர்ட்டர் இல்லாத வீட்டில் யுபிஎஸ்ஸை வெட்டாதீர்கள். ஆனி ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். காற்றாலைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். எனக்கு அந்த இரண்டு மாதம் தென்னை மட்டை விழுந்து அறுந்த நியூட்ரல்தான் வேலை. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400ஐ ஒட்டிக்கூட வந்துவிடும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாது.

பாளைக்காரன்

வயர்மேன் அண்ணாச்சிக்கு நன்றி. அந்தச் சுவிட்ச் விஷயம் எனக்கே பாதிதான் தெரியும். இப்போது கடையை மூடிவிட்டேன், நிதானமாக எழுதுகிறேன்.

தம்பி இளவலே, பூட்டுவதற்கு இரண்டு மணி நேரம் என்றாய். எனக்கு ஒன்றரை மணி போதும். அதற்கு நான் காசு கேட்கவில்லை என்றே வைத்துக்கொள். பூட்டியபின் ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு ரேம் சோதனை போடுகிறேன். ஓராண்டுக்குள் இரண்டு முறை வீட்டுக்கே வருகிறேன். முக்கூடலுக்கோ களக்காட்டுக்கோ ஒரு முறை போய்வந்தால் அரைநாள் போய்விடும். மதர்போர்டு பழுதானால் வாரண்டிக்கு மதுரைக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வர இரண்டு மூன்று வாரம். அதுவரை அந்த வீட்டுக்கு மாற்றுப் பெட்டி ஒன்று என் கடையிலிருந்து போகும். அந்த மாற்றுப் பெட்டியும் நான் காசு போட்டு வாங்கியதுதான். இவை சேர்ந்துதான் 3,500. இதைக் குறைத்துப் பலகையில் எழுதலாம். பிறகு தொலைபேசியை எடுக்காமல் இருக்க வேண்டிவரும். அப்படிக் கடை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்பீர்கள். கேபினட்டோடு சேர்ந்து எழுநூறு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கும்போது மூவாயிரம் எதற்கு என்று. சென்ற மாதம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. சுவிட்சைப் போட்டால் வீட்டு எம்சிபி விழுகிறது. மலிவு எஸ்எம்பிஎஸ்தான், தூக்கினாலே தெரியும், காற்றுப்போல இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு பல்லி, அப்பளம் போலக் காய்ந்து, முன்கால் ஒரு கெப்பாசிட்டரின் காலிலும் வால் உலோகத் தகட்டிலும் ஒட்டியிருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் பல்லி போகும். ஆனால் அந்த எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் செத்துப்போகும், மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட அழைத்துக்கொண்டு போகாது. அந்த வீட்டில் மூன்றும் போயின.

பல்லி எந்த வழியாக வந்தது? கேபினட்டின் பின்பக்கத்தில் கார்டு சொருகும் இடங்களை மூடியிருக்கும் சிறு தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அசெம்பிள் செய்கிறவர்கள் அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அந்தச் சந்து பல்லிக்கு ராஜபாட்டை. உள்ளே வந்தபின் எஸ்எம்பிஎஸ்ஸின் காற்று ஓட்டையில் நுழைவது அதற்குப் பெரிய காரியமில்லை. என் மாதிரியில் அந்தத் தகடுகள் எல்லாம் இருக்கும். இதற்குச் செலவு ஒரு பைசாகூட இல்லை.

உவரிக்கரை

கடற்கரையிலிருந்து ஒரு வார்த்தை. உங்கள் பாளையங்கோட்டைக் கணினி எங்கள் ஊருக்கு வந்தால் அதன் வயது பாதி. கதவைத் திறந்து வைத்தால் உப்புக்காற்று, மூடினால் புழுக்கம். ரேமின் தங்க முனைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை; கேபினட்டின் ரிவெட், யுஎஸ்பி வாயின் தகடு, எஸ்எம்பிஎஸ் விசிறியின் அச்சு ஆகியவைதான் முதலில் பழுப்பேறும். நான் பார்த்தவரை தினமும் ஒரு மணி நேரமாவது ஓடுகிற பெட்டி தப்பிக்கிறது. உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். விடுமுறைக்குப் போகும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டி வைத்த பெட்டிதான் திரும்பி வந்து பார்த்தால் பேசாது.

அண்ணாச்சி, கண்ணாடிக் கதவுக் கேபினட் எதற்கு? உள்ளே என்ன கொலுவா வைத்திருக்கிறீர்கள்?

பாளைக்காரன்

சிரித்துவிட்டேன். அது ஜன்னலில் வைத்தால் ஆள் நிற்பதற்காக. சாதா இரும்புக் கேபினட் 1,400க்கு இருக்கிறது, முன்பக்கம் தூசி வலையும் உண்டு. ஐந்நூறு போயிற்று. 47,500.

சென்னைவாழ்_நெல்லை

ரிச்சி தெருவில் இதே பட்டியலைக் கொடுத்துக் கேட்டேன். பில் வேண்டாம் என்றால் 41,000க்கு முடித்துத் தருகிறார்கள். சும்மா சொல்லி வைக்கிறேன்.

பாளைக்காரன்

சும்மா சொன்னதற்குச் சும்மா பதில்: கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். என் 48,000இல் 7,322 ரூபாய் வரி. அதை எடுத்துவிட்டால் 40,678. நீங்கள் சொன்ன 41,000க்கும் என் விலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த வரிதான். பில் இல்லாத எஸ்எஸ்டி இரண்டாம் ஆண்டு செத்தால் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

சந்திப்பு_வாசி

புதிது எதற்கு என்று யாருமே கேட்கவில்லையே. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் வந்தது. கணினி தரையில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் கேபினட்டைத் திறந்தால், உள்ளே அளவுகோலால் கோடு போட்டதுபோல ஒரே மட்டத்தில் வண்டல். பிராசசர் விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே ஒரு வேப்பிலை. காயவைத்துப் பார்த்தேன், பிழைக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப் வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 17,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடுகிறது. மகன் அதிலேயே சி பிளஸ் பிளஸ் படிக்கிறான். இப்போது அது மேஜை மேல் இருக்கிறது.

பொருநை_இளவல்

இது நல்ல அடி. அண்ணாச்சி பதில் சொல்லுங்கள்.

பாளைக்காரன்

நல்ல அடிதான், ஒப்புக்கொள்கிறேன். கையில் இருபதாயிரம்தான் இருக்கிறது என்று வருகிறவரை நானே அந்த வழிக்கு அனுப்புகிறேன். ஆனால் வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி இடமில்லை. அதனால் அலுவலகங்கள் ஆறாம் ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைக் குவியலாகக் கழிக்கின்றன. அவையும் ‘ஐ5’ என்ற அதே பெயரில்தான் கடைக்கு வருகின்றன. சந்திப்பு நண்பர் எட்டாம் தலைமுறை பார்த்து வாங்கினார், விவரமானவர்.

இன்னொன்று, அந்தச் சின்னப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தந்த நிறுவனத்துக்கென்றே செய்தவை. எஸ்எம்பிஎஸ் போனால் என் கடை அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்ட முடியாது, சொருகும் முனையே வேறு. நான் செய்யும் பெட்டியில் எந்த உறுப்பு போனாலும் நெல்லை வண்ணாரப்பேட்டை வரை போனால் மாற்றுக் கிடைக்கும்.

வெள்ளத்துக்கு அடுத்த மாதம் முழுவதும் என் கடை வாசலில் வண்டல் பெட்டிகளைத்தான் வெயிலில் வைத்திருந்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் தரையில் வைக்க விடுவதில்லை.

முக்கூடல்_மகள்

எல்லோரும் வெட்டியதைக் கூட்டிப் பார்த்தேன். கேபினட்டில் 500. எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருப்பதால் யுபிஎஸ் 2,700. இன்னும் 44,800. ரேம் மட்டும் ஏன் 8,400? மகளின் தோழி சென்ற கோடையில் வாங்கியபோது அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை என்கிறாள்.

பாளைக்காரன்

டீச்சர், அந்தத் தோழி சொல்வது உண்மை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறுகிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன; செய்கிறவர்களும் அதிக லாபமுள்ள பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் வீட்டுப் பயனருக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. டீலரிடம் காலையில் கேட்கும் விலை மாலையில் இல்லை. உண்மையைச் சொன்னால், பலகையில் விலை எழுதத் தயங்குவதே இதனால்தான்.

முக்கூடல்_மகள்

அப்படியென்றால் நகைக்கடையில் செய்வதுபோலச் செய்யுங்களேன். தங்கம் அன்றைய விலை, செய்கூலி தனி, சேதாரம் தனி என்று பில் போடுகிறார்கள். விலை ஏறினால் கடைக்காரரைத் திட்டுகிறோமா? ரேமை மட்டும் ‘அன்றைய விலை’ என்று தனியாக எழுதுங்கள். மற்றதெல்லாம் மாறாத விலை. உங்கள் 3,500ஐயும் செய்கூலி என்று வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள். அதை மறைத்து வைத்தால்தான் இளவல் தம்பி மாதிரி ஆட்கள் கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. தங்கம் விலை ஏறினால் எட்டுக் கிராம் எடுக்கப்போனவர்கள் நாலு கிராம் எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்கிறார்கள். ரேமில் அது முடியாதா?

பழைய_பலகை

நாற்பது ஆண்டு பாடம் நடத்தினேன், இந்த உவமை எனக்கு வரவில்லை. நூறு டாலர் மடிக்கணினி என்று 2005இல் உலகெங்கும் அறிவித்தவர்கள் 2007இல் செய்து முடித்தபோது அது சுமார் 188 டாலரில் வந்து நின்றது. பெயரிலேயே விலையை வைத்துவிட்டதால் அந்த எண்பத்தெட்டு டாலர் அவர்களைக் கடைசிவரை துரத்தியது. டீச்சர் அவர்களுக்கு ஆலோசகராக இருந்திருக்கலாம்.

பொருநை_இளவல்

பொறுங்கள். நாலு கிராம் நகையும் நகைதான். ஒற்றை ரேம் அப்படி இல்லை. 5600ஜி கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4-3200 ரேமில் ஒரு சேனலுக்கு, அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள ஒரு பாதைக்கு, நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ரேம் போட்டால் 51.2. ஒன்றை எடுத்துவிட்டால் பாதி வேகம் போயிற்று. விளையாட்டெல்லாம் தவழும். அதோடு அந்த 8 ஜிபியிலிருந்து கிராபிக்ஸ் தன் பங்கை வேறு முதலிலேயே எடுத்துக்கொள்ளும்.

பாளைக்காரன்

தம்பி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. நாலு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன்.

நேற்று இரவு கடையில் ஒரு 5600ஜி பெட்டியில் ஒற்றை 8 ஜிபி மட்டும் போட்டு உட்கார்ந்தேன். பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், கிராபிக்ஸ் பங்கை 512 எம்பியாக வைத்தேன். சில போர்டுகள் தாமாகவே 2 ஜிபி எடுத்துக்கொள்ளும், அதை மாற்றாமல் கொடுப்பது பாவம். உலாவியில் பதினைந்து பக்கம், ஒரு காணொளி, ஒரு பெரிய எக்செல் தாள். வேலை ஓடியது. இருபது பக்கத்தைத் தாண்டியபோது பழைய பக்கத்துக்குத் திரும்பினால் அரை நொடி யோசித்தது, எஸ்எஸ்டி கை கொடுக்கிறது என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க் காலமாக இருந்தால் இதற்குள் மவுஸை எறிந்திருப்பேன். பிறகு நீ விளையாடும் கார்ப் பந்தயத்தைப் போட்டேன். தவழ்ந்தது. இரண்டாவது ரேமைச் சொருகினேன், எழுந்து நடந்தது.

ஆகவே முடிவு: பலகை விலையில் ஒற்றை 8 ஜிபி. பக்கத்துச் சொருகுவாய் காலியாக இருக்கும். விலை இறங்கும்போது இன்னொன்றை வாங்கி வாருங்கள், கூலியில்லாமல் மாட்டித் தருகிறேன். விளையாட வேண்டும் என்கிறவர் முதல் நாளே இரண்டும் வாங்கிக்கொள்ளட்டும். காலி வாயைத் தூசி அடைக்காமல் காகித ஒட்டு ஒன்று ஒட்டிவிடுவேன்.

உவரிக்கரை

தூசி என்றதும் நினைவுக்கு வந்தது. தூசி தட்டச் சைக்கிள் கடைக் கம்ப்ரசருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் காற்றோடு தண்ணீரும் தெறிக்கும். கையடக்க புளோயர் போதும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இஷ்டத்துக்குச் சுற்றவிட்டால் அதுவே டைனமோ போல மின்சாரம் உண்டாக்கும்.

களக்காடு_கவுண்டர்_4

மானிட்டருக்கு 6,400 எதற்கு? பழைய_பலகை ஐயா சொன்ன சின்கிளேர் வழியில் வீட்டு டிவியிலேயே சொருகிவிட்டால் ஒரே அடியில் 34,000க்கு வந்துவிடுமே.

பாளைக்காரன்

முயன்று பார்த்தவன் சொல்கிறேன். வீடுகளில் இருக்கும் 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை 1366க்கு 768 புள்ளிகள். படம் பார்க்க அது போதும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து எழுத்து வாசித்தால், தமிழ் எழுத்தின் சுழி எல்லாம் அடைந்துபோய் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரியும். தவிர, மாலை ஏழு மணிக்கு வீட்டில் டிவி யாருக்குச் சொந்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் பிள்ளை படிக்க முடியாது. சின்கிளேர் வீட்டிலும் இந்தச் சண்டை இருந்திருக்கும். மானிட்டர் நிற்கட்டும்.

விண்டோஸ் பற்றித் தனிச் செய்தியில் சிலர் கேட்டார்கள். பலகை விலையில் விண்டோஸ் உரிமம் இல்லை. லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை அமைப்பு போட்டுத் தருகிறேன். உரிமம் வேண்டும் என்கிறவருக்கு அது தனி விலை. ஐந்நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் சாவிகளைக் கொண்டுவந்து ‘இதைப் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டாம். நான் போடுவதில்லை.

மின்கட்டணம் கேட்டவருக்கு: மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 60 வாட் அளவில் நிற்கும். நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடாக இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது பலகை. இன்வர்ட்டர் உள்ள வீட்டுக்கு 40,600. இல்லாத வீட்டுக்கு யுபிஎஸ்ஸோடு 43,300. இரண்டிலும் ரேம் 4,200 என்று கணக்கிட்டிருக்கிறேன். அது அன்றைய விலைப்படி மாறும், தனி வரியில் இருக்கும். செய்கூலி 3,500, அதுவும் தனி வரியில். நாற்பதுக்குள் வரவில்லை. அந்த அறுநூறை எஸ்எம்பிஎஸ்ஸில் எடுத்திருக்கலாம், ஒரு நிமிடம் கையும் போயிற்று. மேலப்பாளையத்துப் பல்லி நினைவுக்கு வந்தது, எடுக்கவில்லை.

பொருநை_இளவல்

நான் இன்னும் 12400எஃப் கட்சிதான். ஆனால் என் சித்தப்பா வீட்டுக்கு இதையே சொல்லியிருக்கிறேன்.

வள்ளியூர்_வயர்மேன்

ஒன்று விட்டுப்போயிற்று: எர்த். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று கூசுகிறது என்பார்கள். கணினி பழுதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கசிவு மின்சாரத்தை உலோக உடம்புக்கு அனுப்பும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். மூன்று முள் பிளக்கின் மேல்முள்ளை உடைத்துவிட்டுச் சொருகுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி பெட்டியை இறக்கும்போது டெஸ்டரையும் கொண்டுபோக வேண்டும்.

பாளைக்காரன்

கொண்டுபோகிறேன். அனைவருக்கும் ஒரு செய்தி: இன்று காலை 8 ஜிபி ரேம் மீண்டும் 300 ரூபாய் ஏறிவிட்டது. நேற்றுவரை முன்பணம் கொடுத்த ஏழு பேருக்குப் பழைய விலைதான். பலகையில் அந்த ஒரு வரியை மட்டும் அழித்து எழுதினேன், மற்றதைத் தொடவில்லை.

முக்கூடல்_மகள்

சீட்டு இந்த மாதமே விழுந்தது. சனிக்கிழமை அண்ணாச்சி வந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். இன்வர்ட்டரின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவிட்ச் ஆறு ஆண்டாகத் தவறான பக்கத்தில் இருந்திருக்கிறது, மேலே ஒரு விரல் தூசி. மாற்றியபின் மெயினை அணைத்துப் பார்த்தோம். விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது, கணினி அசையவில்லை. கேபினட்டின் பின்பக்கத் தகடுகளை எண்ணினேன், நான்கும் இருக்கின்றன.

டெஸ்டரில் எர்த் மட்டும் வரவில்லை. வயர்மேன் அண்ணாச்சி முக்கூடல் பக்கம் எப்போது வருவார்கள்?